பழைய கணினியும் புதிய நினைவகமும்

ஒரு பொருளின் உறுப்பொன்று நலிவுற்றவிடத்து அவ்வுறுப்பை மட்டும் மாற்றி, முழுப்பொருளையும் மேலும் பல்லாண்டு பயன்கொள்ளுதல் கீழைக்கரை மக்களுக்குப் புதிய வழக்கன்று. தோணிக்குப் பலகை மாற்றுவோரும், ஒரு தலைமுறை உழைத்த உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடுவோரும் மட்டக்களப்பு மாவட்டத்து வாவிக்கரை ஊர்களில் என்றும் உளர். அன்னோர் கைக்கு எட்டிய புதிய உறுப்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து, அளவும் வடிவும் ஒத்தனவா என்று கண்ணாற் கண்டு தேர்வர். கணினிக்கு நினைவகம் தேர்வோர்க்கு இக்கண்ணளவை போதாது. நீளத்தாலும் நிறத்தாலும் ஒத்த இரண்டு தகடுகளுள் ஒன்று கணினியை ஊக்குவதும், மற்றையது திரையை இருளாக்கிவிடுவதும் கூடும்.

ஓட்டமாவடி, மீராவோடை, வாழைச்சேனை முதலிய ஊர்களின் இல்லங்களிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் பத்து, பதினைந்து ஆண்டு கண்ட மேசைக்கணினிகள் இன்றும் பணிபுரிகின்றன. 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் அரசாங்கம் இடைநிலைப் பாடசாலைகளில் மகிந்தோதய தொழினுட்ப ஆய்வுகூடங்களை நிறுவியபோது நாடெங்கும் கணினிகள் பெருந்தொகையாகப் புகுந்தன. அக்காலத்து இயந்திரங்களின் வயதை இதனால் உய்த்துணரலாம். இவற்றைக் களைந்து புதியன வாங்குதல் எளிதன்று. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலையும் உடன் ஏறியது. 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான மாபெருங் கணினி நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதால் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை மிக விரைவாக உயர்ந்தது. மைக்ரோன் நிறுவனம், இல்லப் பாவனையாளர் நெடுங்காலம் நம்பி வாங்கிய ‘குரூஷியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இந்நிலையில், பழைய கணினிக்கு ஒரு தகடு சேர்த்தல் சிக்கனமான வழியே. ஆனால் பொருந்தாத தகட்டை வாங்கிவந்து, அதை மாற்றுதற்கென 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள மட்டக்களப்பு நகருக்கு மீண்டும் பயணஞ்செய்பவர்க்கும், கொழும்பிலிருந்து பொதியாக வரவழைத்தவர்க்கும் அச்சிக்கனம் நட்டமாகவே முடியும்.

முதற்கண் நினைவகம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். தமிழில் நினைவகம் என்னுஞ் சொல் மறைந்தோரின் நினைவாக எழுப்பிய மண்டபத்தையும் குறிக்கும். கணினியின் நினைவகமோ மின்சாரம் நின்ற மறுகணமே அனைத்தையும் மறந்துவிடுவது. வழக்கில் ‘றாம்’ எனப்படும் இது, வன்தட்டினின்றும் வேறானது. வன்தட்டு நூல்கள் அடுக்கிய அலுமாரி எனின், நினைவகம் அப்போது படிக்கும் நூல்களை விரித்துவைக்கும் மேசையாகும். மேசை சிறிதாயின், ஒரு நூலை மூடி அலுமாரியில் வைத்துவிட்டே மற்றதை விரிக்க வேண்டும். இரண்டு கிகாபைற்று நினைவகமுள்ள கணினியில் இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடன் வன்தட்டு ஓயாது கரகரப்பதும், சுட்டி நகராது நிற்பதும் இதனாலாம்.

1966 இல் ஐ.பி.எம். நிறுவனத்து ரொபேட் டெனாட் என்னும் அறிஞர், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியுங்கொண்டு ஒரு பிற்றைச் சேமிக்கும் முறையைக் கண்டார். 1968 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய நினைவகம் யாவும் அதன் வழித்தோன்றல்களே. கொள்ளளவியில் இட்ட மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்குமாதலால், சாதாரண வெப்பநிலையில் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொன்றையும் புதுப்பித்தல் வேண்டும். நான்கு கிகாபைற்றுத் தகடொன்றில் 3,400 கோடிக்கு மேற்பட்ட பிற்றுகள் உள. இவையனைத்தையும் உரிய மின்னழுத்தத்தில், உரிய கணத்தில், உரிய முகவரியில் தொட்டெழுதும் கட்டுப்படுத்தி ஒன்று கணினியில் உண்டு. எந்தத் தகடு பொருந்தும், எது பொருந்தாது என்பதை உண்மையில் தீர்மானிப்பது இக்கட்டுப்படுத்தியே. கடைக்காரர் சொல்லும் உறுதிமொழியும், விளம்பரத்தில் காணும் வேகமும் இதன் பின்னரே வருவன.

நினைவகத்தின் தலைமுறை முதலில் நோக்கற்பாலது. ஜெடெக் என்னும் நியமங்களுக்கான அமைப்பு 2000 இல் டி.டி.ஆர். நியமத்தை வெளியிட்டது. டி.டி.ஆர். 2 இன் நியமம் 2003 இலும், டி.டி.ஆர். 3 இனது 2007 இலும், டி.டி.ஆர். 4 இனது 2012 இலும், டி.டி.ஆர். 5 இனது 2020 இலும் வெளிவந்தன. மேசைக்கணினித் தகடுகள் யாவும் ஏறக்குறைய 133 மில்லிமீற்றர் நீளமானவை. முதலாவதில் 184 தொடுமுனைகளும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 240 உம், பின்னிரண்டிலும் 288 உம் உள. எண்ணிக்கை ஒத்திருப்பதுகண்டு டி.டி.ஆர். 2 இன் இடத்தில் டி.டி.ஆர். 3 ஐச் செருகலாமென மயங்குதல் ஆகாது. தொடுமுனைகளுக்கிடையில் ஒரு வெட்டு உண்டு. அவ்வெட்டின் இடம் தலைமுறைக்குத் தலைமுறை சிறிது வேறுபடும். வலிந்து அழுத்தினால் செருகுவாய் உடையும். இவ்வேறுபாட்டை வேண்டுமென்றே வைத்தனர், ஏனெனில் டி.டி.ஆர். 2 வேண்டுவது 1.8 வோல்ற்று, டி.டி.ஆர். 3 வேண்டுவது 1.5 வோல்ற்று, டி.டி.ஆர். 4 வேண்டுவது 1.2 வோல்ற்று. சில தாய்ப்பலகைகளில் டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ஆகிய இரண்டுக்கும் செருகுவாய்கள் உண்டு. அவற்றிலும் ஒருநேரத்தில் ஒருவகையையே பயன்படுத்தலாம்.

தலைமுறை ஒத்தபின் தகடு கட்டாயம் வேலைசெய்யுமென்று எண்ணுவோர் பலர். இழப்புப் பெரும்பாலும் நேர்வது இவ்விடத்திலேதான். ஆதலின் இது சற்று விரித்துரைக்கத்தக்கது.

ஒவ்வொரு தாய்ப்பலகைக்கும் ஏற்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2007 இல் வந்த இன்ரெல் ஜி.31 சிப்புத்தொகுதியுடைய பலகை நான்கு கிகாபைற்றுக்கு மேல் ஏலாது. அதை அடுத்து வந்த ஜி.41 எட்டு வரை ஏற்கும். 2011 இல் வந்த எச்.61 பதினாறு வரை ஏற்கும். உச்சவரம்பு மட்டுமன்றி, அவ்வளவு எவ்வாறு பகுக்கப்படுகின்றது என்பதும் முக்கியம். எட்டு கிகாபைற்று ஏற்கும் இரு செருகுவாய்ப் பலகை, நான்கு நான்காக இரண்டு தகடுகளை ஏற்குமேயன்றி எட்டு கிகாபைற்றுத் தகடொன்றை ஏற்கவேண்டுமென்பதில்லை. ஒரே சிப்பினுள் எத்துணைப் பிற்றுகளை முகவரியிட்டு அழைக்க முடியும் என்னும் எல்லை கட்டுப்படுத்திக்கு உண்டாதலே இதன் காரணம்.

இக்கருத்துக்கு ஜி.41 பலகை தக்க எடுத்துக்காட்டாகும். டி.டி.ஆர். 3 வகையில் நான்கு கிகாபைற்றுத் தகடுகள் இருவிதமாகச் செய்யப்படுகின்றன. ஒன்றில் இரண்டு கிகாபிற்றுச் சிப்புகள் பதினாறு, பக்கத்துக்கு எட்டாக இருமருங்கும் பொருத்தப்பட்டிருக்கும். மற்றையதில் நான்கு கிகாபிற்றுச் சிப்புகள் எட்டு மட்டும் இருக்கும். பெரும்பாலும் ஒருபக்கத்திலேயே அவை அமையும். இரண்டின் மொத்தக் கொள்ளளவும் ஒன்றே. ஒட்டப்பட்ட சிட்டையில் பெரிதாக எழுதியிருப்பதும் நான்கு என்பதே. ஜி.41 பதினாறு சிப்புத் தகட்டை முறையாக ஏற்கும். எட்டுச் சிப்புத் தகட்டை ஏற்காது. கணினி உயிர்பெறாது நிற்கும், அல்லது அளவைக் குறைத்துக் காட்டும். அதே எட்டுச் சிப்புத் தகட்டை எச்.61 பலகையில் இட்டால் குறைவின்றி இயங்கும். ஆகவே, கடையில் “இது நல்ல தகடு, நாங்கள் சோதித்துப் பார்த்தோம்” என்று கூறுவதும் உண்மையே. வீட்டில் அது இயங்காமையும் உண்மையே. இருவரும் பொய்யுரைக்காமலே பூசல் விளைகின்றது.

இரண்டு விதங்களையும் பிரித்தறிதல் எளிது. சிட்டையில் ‘2ஆர்×8’ என்றிருப்பின் அது எட்டுச் சிப்புகள் கொண்ட இரண்டு அணிகளாலானது, அதாவது பதினாறு சிப்பு. ‘1ஆர்×8’ என்றிருப்பின் ஓர் அணி, எட்டுச் சிப்பு. இக்குறி மிகச் சிறிய எழுத்தில் இருப்பினும் வாங்குமுன் வாசிக்கவேண்டியது இதுவே. சிட்டை கிழிந்திருந்தால் சிப்புகளை விரல்விட்டு எண்ணலாம்.

இனி, நியாயமான விலைக்கும் மிகக் குறைந்த விலைக்குமுள்ள வேறுபாட்டை ஐயுறவேண்டிய இடங்கள் இரண்டு. டி.டி.ஆர். 2 வகையில் நான்கு கிகாபைற்றுத் தகடு அரிது, விலையும் கூடியது. ஆயினும் இணையவழிச் சந்தைகளில் அது வியப்பூட்டும் மலிவில் கிடைப்பதுண்டு. அவ்வாறான தகடுகளிற் பல ஏ.எம்.டி. செயலிகளுக்கு மட்டுமே உரியவை. அவற்றின் முகவரி அமைப்பை ஏ.எம்.டி. கட்டுப்படுத்தி ஏற்கும், இன்ரெல் பலகைகள் ஏற்கமாட்டா. விற்போர் சிலர் இதனை வெளிப்படையாக எழுதுவர், சிலர் எழுதார். மற்றொன்று, பெருங்கணினி நிலையங்களிற் கழித்த சேவையகக் கணினிகளின் தகடுகள். இவை பதிவுத் தகடுகள் எனப்படும். இவற்றின் நடுவே கூடுதலான ஒரு சிப்பு முகவரிகளை வாங்கிப் பகிரும். எட்டும் பதினாறும் கிகாபைற்றுள்ள இவை மலிவாக விற்கப்படினும், சாதாரண மேசைக்கணினி இவற்றால் இயங்காது. சிட்டையின் ‘பி.சி.3-12800’ போன்ற எண்ணுக்குப் பின்னாலுள்ள எழுத்து இதனைக் காட்டிக்கொடுக்கும்: ‘யு’ எனின் மேசைக்கணினிக்குரியது, ‘ஆர்’ எனின் சேவையகத்துக்குரியது, ‘எஸ்’ எனின் மடிக்கணினிக்குரிய குறுந்தகடு. இவ்வோரெழுத்தை நோக்காது விலையை மட்டும் நோக்குதல் பேதைமை. திரையும் பெட்டியும் ஒன்றாக அமைந்த கணினிகளிலும், கையகலச் சிறு கணினிகளிலும் குறுந்தகடே பயிலும் என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

வேகம் பற்றிய கவலை, இதனோடு ஒப்பிடின், சிறிதே. 1333 என்னும் வேகமுடைய டி.டி.ஆர். 3 தகடு செக்கனுக்கு 133 கோடிக்கு மேற்பட்ட தடவை, தடவைக்கு எட்டுப் பைற்று வீதம் தரவு அனுப்பும். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணையே தோராயமாக ‘10600’ எனச் சிட்டையிற் குறிப்பர். அவ்வாறே 1600 இன் எட்டு மடங்கு 12800. இரண்டாந் தலைமுறை இன்ரெல் ஐ-3, ஐ-5 செயலிகளுக்கு வகுத்த உச்ச வேகம் 1333. அவற்றில் 1600 வேகத் தகட்டை இட்டால் தீங்கில்லை; அது தன் வேகத்தைத் தாழ்த்தி 1333 இலேயே ஓடும். வேகம் வேறுபட்ட இரண்டு தகடுகளை ஒருங்கிட்டால் இரண்டும் மெதுவானதன் நடையிலேயே செல்லும். ஆகவே கூடிய வேகத்துக்கெனக் கூடிய விலை கொடுத்தல் பழைய கணினியில் வீண்செலவாம்.

ஆயின், ஒரு தகடா இரண்டு தகடா என்னும் வினாவுக்குப் பொருளுண்டு. ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. புகையிரதமும் வீதி வாகனங்களும் அவ்வொரு பாலத்தையே பங்கிட்டன. ஒருபுறத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபுறத்தன காத்துநின்றன. 2010 இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு ஒழிந்தது. வாகனங்களின் வேகம் கூடியதால் அன்று, வழி இரண்டானதால் அது நேர்ந்தது. நினைவகத்துக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே 64 பிற்று அகலமுள்ள வழிகள் இரண்டு உள. ஒரு தகடு மட்டும் இருப்பின் ஒருவழியே பயன்படும். இருவழியிலும் ஒத்த தகடுகள் இருப்பின் 128 பிற்றுக்களும் ஒருங்கே செல்லும். நான்கு செருகுவாயுள்ள பலகைகளில் ஒரே நிறமுடையவற்றில் இணையாகச் செருகவேண்டுமென்பது இதன்பொருட்டே. எனினும் இதனால் வரும் பயனை மிகைப்படுத்தலாகாது. தனி வரைவியல் அட்டை இன்றிச் செயலியிலேயே படங்காட்டும் கணினிகளில் வேறுபாடு தெரியும். கட்டுரை தட்டெழுதுவோர் அதை உணரார். ஏலவேயுள்ள நல்ல தகட்டைக் களைந்து இணைத்தகடு வாங்குவதிலும், அதனோடு இன்னொன்றைச் சேர்ப்பதே தக்கது. இருவேறு நிறுவனத் தகடுகள் பெரும்பாலும் இணங்கியே இயங்கும்.

மின்னழுத்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. டி.டி.ஆர். 3 இல் 1.35 வோல்ற்றில் இயங்கும் வகைக்கு ‘எல்’ என்னும் எழுத்தைச் சேர்ப்பர். இது 1.5 வோல்ற்றிலும் இயங்கவல்லதாதலால் பழைய மேசைக்கணினியில் இடலாம். ஆனால் 1.35 மட்டுமே தரும் இயந்திரத்துக்கு 1.5 வோல்ற்றுத் தகடு ஆகாது.

இவற்றையெல்லாம் அறிதற்குக் கணினியைத் திறத்தல்கூட எப்போதும் வேண்டியதில்லை. ஒவ்வொரு தகட்டிலும் தன்னைப்பற்றிய விபரங்களைத் தாங்கிய சிறு சிப்பொன்று உளது; சி.பி.யு.-இசெட் என்னும் இலவச மென்பொருள் அதனை வாசித்து, தலைமுறை, அளவு, வேகம், நிறுவனம் ஆகியவற்றையும், தாய்ப்பலகையின் பெயரையும் சிப்புத்தொகுதியையும் திரையிற் காட்டும். லினக்ஸ் முறைமையில் டி.எம்.ஐ.டிகோட் என்னும் கட்டளை அதே பணியைச் செய்யும். பலகையின் பெயர் கிடைத்தபின், அதனை ஆக்கிய நிறுவனத்தின் கைநூலையும் பொருந்தும் தகடுகளின் பட்டியலையும் தேடிப்பெறலாம். 2003 இல் ஏ.எம்.டி. நிறுவனமும் 2008 இல் இன்ரெல்லும் கட்டுப்படுத்தியைத் தாய்ப்பலகையிலிருந்து செயலிக்குள்ளேயே கொணர்ந்தன. அதற்குப் பிந்திய கணினியாயின் செயலியின் பெயரையும் குறித்துக்கொள்ளல் நன்று. கடைக்குச் செல்பவர் இக்குறிப்பைக் கைத்தொலைபேசியிற் படமாக எடுத்துச் செல்வாராயின் பாதிப் பிழைகள் நேரா. பழைய தகட்டையே கையிற் கொண்டுசெல்வது அதனினும் நன்று.

பணிசெயல் முறைமையையும் மறத்தலாகாது. 32 பிற்று முறைமையின் முகவரி வெளி நான்கு கிகாபைற்றுடன் முடிந்துவிடும். அதிலும் ஒருபகுதியைப் பிற உறுப்புகள் கொள்ளுமாதலால் சாதாரண விண்டோஸ் பதிப்புகள் மூன்றேகால் அளவையே பயன்படுத்தும். எட்டு கிகாபைற்று இட்டும் பயனில்லை என வருந்துவோரிற் சிலர்க்கு வேண்டியது வேறு தகடன்று, 64 பிற்று முறைமையே. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஐப் பழைய செயலிகளில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் முறைப்படி ஏற்பதில்லை. நினைவகத்தைப் பெருக்கினும் அத்தடை நீங்காது. இத்தகைய கணினிகளில் லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமையை நிறுவி உயர்தர மாணவரின் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். நான்கு கிகாபைற்று ஏலவே உடைய கணினிக்கு, சுழலும் வன்தட்டின் இடத்தில் திண்மநிலைத் தட்டொன்றை இடுதல் நினைவகத்தைக் கூட்டுவதிலும் மிகுந்த பயன்தருவதும் உண்டு. இரண்டுக்கும் பணமில்லாதவர் இரண்டு கிகாபைற்றுக் கணினியாயின் நினைவகத்தையும், எட்டு உடையதாயின் தட்டையும் முற்படக் கவனித்தல் பொருந்தும்.

தகட்டைப் பொருத்துமுன் மின்கம்பியை முற்றாகக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கி, பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைக் கையால் தொடுதல் வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின் ஒரு சிப்பைக் கெடுக்கப் போதுமானது. வெட்டுப் பொருந்தப் பிடித்து இருமுனையும் சீராக அழுத்தின் தாழ்கள் தாமாகவே ஒலியெழ மூடும். அதன்பின்னும் கணினி விட்டுவிட்டுக் கூவி நிற்குமாயின் தகடு பழுதென உடனே துணிதல் தவறு. வாவியும் கடலும் சூழ்ந்த இப்பகுதியின் ஈரக்காற்றும் உப்பும் தொடுமுனைகளில் படலம் படியச் செய்யும். வெண்மையான அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துணியால் நீக்கி மீளச் செருகியபோது உயிர்பெற்ற கணினிகள் பல. நினைவகம் பழுதென்று கூறிப் புதியது விற்கப்படுமுன் இதனைச் செய்து பார்க்கும்படி கேட்பதில் வெட்கமில்லை.

புதிய தகடு இயங்கியது என்றவுடன் பெட்டியை மூடிவிடவும் கூடாது. மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை மென்பொருளை ஒரு சிறு நினைவுக்கோலிலிட்டு, அதனின்று கணினியைத் தொடக்கி, ஓர் இரவு முழுதும் ஓடவிடல் வேண்டும். பிழையொன்று காட்டினும் அத்தகடு நம்பத்தக்கதன்று. இன்று திறக்கும் ஆவணம் நாளை சிதைந்திருக்கும். இரண்டு தகடுகள் இருப்பின் ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதித்தால் குறை எதன்பாலது என்பது புலப்படும். விற்றவர் தரும் மாற்றுக்காலம் ஒரு கிழமையாக இருப்பினும், இச்சோதனையை முதல் இரவிலேயே முடித்து, பற்றுச்சீட்டையும் தகட்டின் சிட்டையையும் கழற்றாது வைத்திருப்பவர்க்கே மாற்றிப் பெறும் உரிமை கைகூடும்.